தலை தீபாவளிக்கு மூன்று ஆட்டம்

செழியனுக்கு முப்பத்தெட்டு வயதில்தான் கல்யாணம் ஆனது. ஏன் இவ்வளவு தாமதம் என்று யாராவது கேட்டால் வருத்தப்படாமல் அவனே காரணம் சொல்வான். "மூஞ்சி சுமாரு, வருமானம் சுமாரு, பேச்சு அத விட சுமாரு. மூணும் ஒரே ஆள்கிட்ட இருந்தா எவங்க பொண்ணு குடுப்பாங்க?" கேட்டவர்கள் மரியாதைக்காவது மறுப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்ப்பான். அவர்கள் டீயைக் குடித்துவிட்டு "அதுவும் சரிதான்" என்று எழுந்து போய்விடுவார்கள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். ஜெராக்ஸ் என்று பெயரே தவிர, வேலையெல்லாம் மனு அடித்துக் கொடுப்பதுதான். திங்கட்கிழமை மனுநாள் வந்தால் போதும், பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டிவிட்டான் என்று காலையிலேயே கூட்டம் நெரியும். இத்தனை மனுவையும் ஒருத்தன் புதிதாக யோசித்து அடிப்பானா? அவன் சோம்பேறி, அவ்வளவு லேசில் அடிக்க மாட்டான். பழைய மனு ஒன்றைத் திறந்து, பெயரையும் ஊரையும் சர்வே நம்பரையும் மட்டும் மாற்றிப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவான்.

இதில் அவமானப்பட்டதும் உண்டு. ராஜம்மாள் என்கிற அம்மாவுக்கு விதவைப் பென்ஷன் மனு அடித்தபோது, அதற்கு முன்னால் திறந்து வைத்திருந்தது மாடு செத்ததற்கு நிவாரணம் கேட்கும் மனு. மறுவாரம் ராஜம்மாள் கடைக்கு வந்து கும்பல் முன்னால் தாளை நீட்டினாள். "எம்மா நேரம் படிச்சிப் பாத்தாரோ, அந்த ஆபீசர் சிரிச்சிட்டாருப்பா. 'எனது கறவை மாடு இறந்து இரண்டு ஆண்டு ஆகிறது'ன்னு போட்டுக்கிற. எம்புருசன் மாடா ஒழச்சது வாஸ்தவந்தான். ஆனா கறவை மாடுன்னு போட்டியே, அதான் மனசு கேக்கல." அன்றைக்கே இந்தப் பழக்கத்தை விட்டிருக்க வேண்டும். பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள், இவனுக்குப் பட்டும் வரவில்லை.

அவனுக்கு வரன் தேடியது அக்கா மணிமொழி. பயோடேட்டா அடிக்கச் சொன்னபோது ஒரே ஒரு எச்சரிக்கைதான் கொடுத்தாள். "ஹாபின்னு ஒரு எடம் இருக்கும் பாரு, அங்க தூங்கறதுன்னு போட்டு என் மானத்த வாங்காத." அவன் வழக்கம்போல, போன மாதம் ஒரு சாஃப்ட்வேர் பையனுக்கு அடித்துக் கொடுத்த பயோடேட்டாவைத் திறந்தான். பெயர், நட்சத்திரம், உயரம், வருமானம் எல்லாவற்றையும் ஒழுங்காக மாற்றினான். கடைசி வரியை மாற்றும் நேரத்தில் யாரோ ஆதார் கார்டு ஜெராக்ஸ் கேட்டு வந்துவிட்டார்கள். 'பொழுதுபோக்கு: புதிர் மற்றும் வியூக விளையாட்டுகள்' என்ற வரி அப்படியே தங்கி, பன்னிரண்டு பிரதிகளாகப் பன்னிரண்டு வீடுகளுக்குப் போய்விட்டது.

பதினோரு வீட்டில் அந்த வரி வரைக்கும் யாரும் படிக்கவில்லை, வருமானத்தோடு நிறுத்திவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர் அப்பாசாமி வீட்டில் மட்டும் பெண்ணே உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்திருந்தாள்.

பெண்ணின் பெயர் சிந்துஜா. வயது முப்பத்து மூன்று, திருவண்ணாமலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். நாலு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகையும் கொடுத்து முடித்திருந்தார்கள். சென்னையில் மேனேஜர் என்று சொன்ன மாப்பிள்ளைக்கு ஒரு வருடமாக வேலையே இல்லை என்பது கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் தெரியவந்தது. கொடுத்த பத்திரிகையை எல்லாம் வாபஸ் வாங்கப் போனதில் அப்பாசாமி பாதியாக இளைத்துப்போனார்.

தை மாதம் பெண் பார்க்கப் போனார்கள். செழியன் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நெய் விரலில் ஒட்டாமல் எப்படிச் சாப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சிந்துஜா நேராக அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"புதிர், வியூக விளையாட்டுன்னு போட்டிருந்தீங்களே, எந்த மாதிரி விளையாடுவீங்க?"

செழியனுக்கு முதலில் யாரைக் கேட்கிறாள் என்றே புரியவில்லை. பிறகு அந்தச் சாஃப்ட்வேர் பையனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கூடம் நிறைய ஆட்கள். அக்கா புருவத்தைத் தூக்கினாள். 'அது வேற ஆளோட ஃபைலுங்க, மாத்த மறந்துட்டேன்' என்று அங்கேயே சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள், அதோடு போயிருக்கும். சொன்னானா பாவி? "எல்லா மாதிரியும்" என்றான்.

"ஓ" என்றாள் அவள். அந்த 'ஓ'வில் கொஞ்சம் மரியாதை இருந்தது. செழியன் முப்பத்தெட்டு வருடமாக யாரிடமும் அப்படி ஒரு 'ஓ' வாங்கியதில்லை, அதனால் அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

அப்புறம் இருவரும் தனியாகப் பேசட்டும் என்று வீட்டுக்குப் பின்னால் கிணற்றடிக்கு அனுப்பினார்கள். வேர்க்கடலை காயப்போட்டிருந்ததால் ஓரமாகத்தான் நிற்க முடிந்தது. அவள் சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க. பொய் சொல்லக்கூடாது. குடிப்பேன்னா குடிப்பேன்னு சொல்லிடுங்க. கோவம் ஜாஸ்தின்னா அதயும் சொல்லிடுங்க. எது இருந்தாலும் பாத்துக்கலாம். பொய்ய மட்டும் இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது." செழியன் "சரிங்க" என்றான். அவன் சொன்ன பொய்க்கு அப்போது வயது ஏழு நிமிடம்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். கல்யாணம் முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தான், அப்புறம் ஆடி முடியட்டும் என்று தள்ளிப் போட்டான். அவன் மனசுக்குள் வாசகம்கூடத் தயாராக இருந்தது, அதுவும் தொழில் பாஷையில்: 'பொருள்: பொழுதுபோக்கு குறித்துத் தவறான தகவல் அளித்தமைக்கு மன்னிப்புக் கோருதல் தொடர்பாக.' ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவனுக்குத் தன் மனுவைக் கொடுக்க வாய் வரவில்லை.

சிந்துஜாவோ ஞாயிற்றுக்கிழமை தோறும் பேப்பரில் வரும் எண் புதிர்க் கட்டத்தைக் கத்தரித்து மேசைமேல் வைத்துவிடுவாள். "நீங்க போடுங்க" என்பாள். செழியன் அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். "நீ மொதல்ல போடு சிந்து, நான் பாக்கறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அவள் ஒரு எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள், அவன் தலையாட்டுவான். அவள் அழித்தாலும் தலையாட்டுவான். ஒன்று முதல் ஒன்பது வரை அங்கே என்ன நடக்கிறது என்று அவனுக்குச் சத்தியமாகத் தெரியாது. ஆனால் அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசிக்கும் அந்த அரை மணி நேரம் அவனுக்கு வாரத்திலேயே பிடித்த நேரமாக ஆகிவிட்டது. வீட்டில் அவர்கள் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை, ஒட்டி உட்கார்ந்தது என்றால் அப்போதுதான்.

ஐப்பசியில் தலை தீபாவளி வந்தது. இரண்டு நாள் முன்பே மாமனார் வீட்டுக்குப் போய் இறங்கினார்கள். அப்பாசாமி மாப்பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மோதிரம், வேட்டி எல்லாம் ஆச்சி. அது எல்லாருந்தான் செய்றாங்க. மாப்பிள்ளைக்கு மனசுக்குப் புடிச்சதா இன்னா வாங்கலாம்னு எம்பொண்ணக் கேட்டேன். கையில வெச்சிகினு வெளையாடற மெஷினு ஒண்ணு இருக்குதாமே, அதச் சொல்லிச்சி. பெங்களூர்ல நம்ம ஆதவன் வாங்கியாந்துட்டான்."

ஆதவன் சிந்துஜாவின் தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். பெட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்தான். "மெஷின் மட்டுந்தான் மாமா வாங்கினேன். மூணு ஆட்டம் நீங்களே செலக்ட் பண்ணுங்க. நான் ஏதாச்சும் வாங்கி, உங்கள மாதிரி ஆளுக்கு அது சப்புன்னு இருந்துட்டா நல்லாருக்காது. நாளைக்கு டவுனுக்குப் போலாம்."

உங்களை மாதிரி ஆளாம். செழியன் அன்று பகல் முழுக்க வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு அறையில் படுத்துக்கொண்டு, போனில் புதிர் விளையாட்டு, வியூக விளையாட்டு என்று தேடித் தேடிப் படித்தான். பத்தாம் வகுப்புக்குக்கூட இப்படிப் படித்ததில்லை. மாலைக்குள் இரண்டு வார்த்தை மனப்பாடம் ஆகியிருந்தது. 'டர்ன் பேஸ்டு' என்றால் நம் முறை வரும்வரை எதிராளி காத்திருப்பான், 'ரியல் டைம்' என்றால் காத்திருக்க மாட்டான். இதற்குமேல் மண்டையில் ஏறவில்லை. மாமியார் கன்னியம்மாள் ஓமத் தண்ணீர் கொண்டுவந்து குடிக்கக் கொடுத்தாள். பொய்க்குப் பலன் கைமேல் கிடைத்தது, அதையும் குடித்தான்.

மறுநாள் திருவண்ணாமலை தேரடி வீதியில் தீபாவளிக் கூட்டம் ஆளை ஆள் தள்ளியது. துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் அந்தக் கடை மாடியில் இருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் சுறுசுறுப்பாகக் கேட்டாள். "டர்ன் பேஸ்டா சார், ரியல் டைமா?"

"டர்ன் பேஸ்டு" என்றான் செழியன் உடனே. காத்திருக்கிற எதிராளி எப்போதும் நல்லவன் என்று அவனுக்குத் தோன்றியது.

"சிங்கிள் கேம்பெய்னா, சாண்ட்பாக்ஸா?"

இது பாடத்தில் வரவில்லை. ஓட்டலில் கேட்பதுபோல "எது நல்லாருக்கும்?" என்று கேட்டுவிட்டான். அவள் ஒரு மெஷினை நீட்டி, விளையாடிப் பார்க்கச் சொன்னாள். ஒரு கிடங்கு, அதில் நாலு பெட்டி, ஒரு குட்டி ஆள். பெட்டிகளைத் தள்ளித் தள்ளிக் குறித்த இடத்தில் சேர்க்க வேண்டும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. செழியன் முதல் பெட்டியை வேகமாகத் தள்ளினான், அது மூலையில் போய் முட்டி நின்றது. அதை அங்கிருந்து எடுக்க வழியே இல்லை. முதல் கட்டத்திலேயே, பத்து விநாடிக்குள், ஆட்டம் காலி.

ஆதவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். செழியன் நெற்றியைச் சுருக்கி, மெஷினை மெதுவாகக் கவுன்ட்டரில் வைத்தான். வாய் திறக்கவில்லை, திறந்தால் மாட்டிக்கொள்வான். "ரொம்ப ஈசியா இருக்கா மாமா?" என்றான் ஆதவன் பயபக்தியோடு. இந்த ஊரில் இது ஒரு வசதி. வாயை மூடிக்கொண்டு எங்கேயோ பார்த்தால் போதும், உள்ளே ஏதோ பெரிய சரக்கு இருக்கிறது என்று ஜனங்கள் நம்பிவிடுவார்கள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வருடக்கணக்காக அப்படி உட்கார்ந்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் தன்னைப் போல பதில் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று செழியனுக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

கடைசியில் மூன்று எடுத்தான். அந்தப் பெட்டி தள்ளும் ஆட்டமே ஒன்று, ஏனென்றால் அதில் தோற்பது எப்படி என்றாவது தெரிந்திருந்தது. இரண்டாவது, கோட்டை கட்டி ராஜ்ஜியம் ஆளுவது. அட்டையில் இருந்த ராஜாவின் முகம் மாமனார் ஜாடையில் இருந்ததைத் தவிர வேறு காரணம் இல்லை. மூன்றாவதைக் காட்டும்போது கடைப்பெண், "இது ரெண்டு பேர் சேர்ந்து போடற புதிர் சார், ஒருத்தரால முடிக்க முடியாது" என்றாள். செழியன் அதை வாங்கித் தானே பையில் போட்டுக்கொண்டான். அதை மட்டும் அவன் ஆசைப்பட்டு வாங்கினான்.

தீபாவளியன்று எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பலகாரம் எல்லாம் முடிந்து மத்தியானம் வீடே கூடத்தில் கூடியது. பக்கத்து வீட்டு தனம் அத்தைகூடத் தன் பங்குக்கு முறுக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை விளையாடுவதைப் பார்க்க வேண்டுமாம். அப்பாசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

செழியன் பெட்டி தள்ளும் ஆட்டத்தைத் திறந்தான். முதல் பெட்டி மூலைக்குப் போனது. மறுபடி ஆரம்பித்தான், வேறு மூலைக்குப் போனது. மூன்றாவது தடவை இரண்டு பெட்டிக்கு நடுவில் அந்தக் குட்டி ஆளே மாட்டிக்கொண்டான். கூடத்தில் முறுக்குக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"குடுங்க" என்று சிந்துஜா மெஷினை வாங்கினாள். கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு விரல் ஓடியது. நாலு பெட்டியும் இடத்தில் போய் உட்கார்ந்தன. அடுத்த கட்டமும் முடிந்தது, அதற்கடுத்ததும் முடிந்தது.

அப்பாசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா தனம், எம்பொண்ணுக்குக் கணக்குன்னாலே காய்ச்சல் வரும். அஞ்சே மாசம். எல்லாம் மாப்பிள்ளை ட்ரெய்னிங்கு. எப்பேர்ப்பட்ட ஆளு பாரு, தான் தெரியாத மாதிரி தோத்துட்டுப் பொஞ்சாதிய ஜெயிக்க வெக்கிறாரு."

எல்லாரும் செழியனைப் பார்த்தார்கள். திட்டினால் தாங்கியிருப்பான். இந்தப் புகழ் அவனுக்குச் செருப்படியாக இருந்தது, அதற்குமேல் முடியவில்லை.

"இல்ல மாமா. எனக்கு ஒண்ணுமே தெரியாது. இதுக்கு முன்னாடி ஒரு ஆட்டங்கூட நான் ஆடினது இல்ல."

அப்பாசாமி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நெறகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" தனம் அத்தை, "இந்தக் காலத்துல இப்டி ஒரு அடக்கமா" என்று கன்னியம்மாளின் தோளை இடித்தாள். ஒன்பது மாதமாகத் தள்ளிப்போட்ட உண்மையைச் சொன்னால், அதையும் ஒரு கெட்டிக்காரத்தனமாக எடுத்துக்கொண்டார்கள். செழியனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

சிந்துஜா மட்டும் சிரிக்கவில்லை. மெஷினை அணைத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். செழியன் பின்னால் போனான்.

"நெஜமா?" என்றாள் திரும்பாமலே.

"நெஜம்." பயோடேட்டா கதையைச் சொன்னான், சாஃப்ட்வேர் பையனையும் அந்தக் கடைசி வரியையும் சொன்னான். சிரிப்பாள் என்று ராஜம்மாளின் மாட்டுக் கதையையும் சேர்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"அது கை தப்பு, சரி. இங்கதான நின்னீங்க? இதே எடத்துலதான பொய் சொல்லாதீங்கன்னு கேட்டேன். அப்ப?"

"பயந்துட்டேன் சிந்து. சொன்னா வேணாம்னு சொல்லிடுவியோன்னு."

"வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன். சிரிச்சிருப்பேன்." அவள் இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள். "எனக்கு நம்பர்னாலே ஆவாது. உங்களுக்குப் புடிக்கும்னுதான் அந்தக் கட்டத்த வெட்டி வெச்சி, லேப்ல லஞ்ச் டயத்துல உக்காந்து கத்துக்கிட்டேன். ஒவ்வொரு நம்பரும் எழுதிட்டு உங்க மூஞ்சியப் பாப்பேன். நீங்க தலையாட்டினா சரியாப் போட்டுட்டேன்னு அவ்ளோ சந்தோஷமா இருக்கும். தப்பாப் போட்டப்பவும் ஆட்டினீங்களா?"

"ஆட்டினேன்."

அவன் தலை குனிந்து நின்றான். தன்னைத் தானே கிண்டல் பண்ணிக்கொண்டே இத்தனை வருடம் எல்லா இடத்திலும் தப்பித்து வந்தவனுக்கு, அங்கே சொல்வதற்கு ஒரு கிண்டலும் கிடைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவளை அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் ஏமாற்றியிருக்கிறான் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"பக்கத்துல உக்காந்து நீ போடறதப் பாக்க எனக்குப் புடிக்கும். அது பொய் இல்ல" என்றான்.

"எப்டி நம்பறது?" என்றாள் சிந்துஜா. கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். "இனிமே நீங்க இன்னா சொன்னாலும் நெஜமான்னு எனக்குள்ள ஒரு கேள்வி வரும். எத்தன நாளைக்குன்னு எனக்கே தெரியல." முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் காபியோடு கன்னியம்மாள் அதிரசத் தட்டைக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளைக்காக மூன்று நாள் மெனக்கெட்டு மாவு புளிக்க வைத்துச் சுட்டது. வீட்டார் எல்லாரும் சுற்றி இருந்தார்கள். செழியன் ஒன்றை எடுத்துக் கடித்தான். பல் இறங்கவில்லை, கடைவாய்க்குக் கொண்டுபோய் ஒரு வழியாக உடைத்தான்.

"எப்டி இருக்குதுங்க மாப்பிள்ளை?" என்றாள் கன்னியம்மாள்.

'பிரமாதம் அத்தை' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஐந்து மாதமாக இந்த வீட்டில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் அவன் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். எதிரே சிந்துஜா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செழியன் அதிரசத்தை விழுங்கினான்.

"கெட்டியா இருக்குங்க அத்தை. வெல்லம் நல்லாருக்கு. ஆனா ரொம்ப கெட்டி. பல்லு வலிக்குது."

அப்பாசாமி பேப்பரைத் தாழ்த்தினார். ஆதவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். அந்த வீட்டில் முப்பத்தைந்து தீபாவளியாக யாரும் சொல்லாத வாக்கியம் அது. கன்னியம்மாளின் முகம் சுருங்கிப் போனது. தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை இப்படிச் சொல்லலாமா என்று அவள் மகளைப் பார்த்தாள்.

சிந்துஜா எழுந்து வந்து செழியன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தட்டில் கடித்து வைத்திருந்த பாதி அதிரசத்தை எடுத்துத் தானும் ஒரு கடி கடித்தாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"அவரு சொல்றது நெஜந்தாம்மா" என்றாள்.